பழைய மொரிஸ் மைனருக்கு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்: எது வாங்குவது, எந்தப் பக்கம் போடுவது?

மைனர்_சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவின் 1964 மொரிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1098 சிசி எஞ்சின், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும்). வயரிங் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்த அதே துணி சுற்றிய வயரிங்தான். கல்யாணம், காவடி, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று எப்போதாவதுதான் வெளியே எடுப்போம், மற்ற நாளெல்லாம் கராஜில் நிற்கும். மூன்று வாரம் தொடாமல் விட்டால் 45 ஆம்பியர்-அவர் பேட்டரி முழுக்க உட்கார்ந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஸ்பானரை எடுத்து டெர்மினலைக் கழற்றி வைக்கிறேன், கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஈயம் தேய்ந்து கிளாம்ப் இப்போது சரியாகப் பிடிப்பதில்லை. அதோடு அம்மாவுக்கும் பயம், வீட்டோடு ஒட்டிய கராஜ், இவ்வளவு பழைய வயரிங், ராத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூன்று வகை பார்த்தேன். டெர்மினல் மேலேயே உட்கார்ந்து பச்சைத் திருகை முறுக்கினால் கழலும் வகை, கத்தி மாதிரி ஒரு நெம்பை மேலே தூக்கும் வகை, சிவப்புச் சாவி போட்டுத் திருப்பும் வகை. பக்கத்து வீட்டு அண்ணன் சோலார் வேலை செய்பவர், தன்னிடம் மீந்த 63 ஆம்பியர் டிசி ஐசொலேட்டர் ஒன்று இருக்கிறது, அதையே போட்டுவிடலாம், காசு மிச்சம் என்கிறார்.

என் கேள்விகள்: எந்த வகை நல்லது? பாசிட்டிவ் எர்த் காரில் எந்தப் பக்கம் போட வேண்டும்? பாடியில் துளை போடாமல் மாட்ட முடியுமா? தாத்தா ஒரு கீறல்கூட விழாமல் வைத்திருந்த கார் இது, துளை போட மனசே வரவில்லை.

மெர்பாங்க்_ஆட்டோ_எலெக்ட்ரிக் (டர்பன்)

தம்பி, முதலில் அந்த சோலார் ஐசொலேட்டரை மறந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் அது வேறு வேலைக்குச் செய்த பொருள். சோலாரில் வோல்டேஜ் பல நூறு, ஆம்பியர் கொஞ்சம். காரில் வோல்டேஜ் வெறும் 12, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட்டர் சிக்கி நின்றுவிட்டால் 400 ஆம்பியருக்கும் மேலே போகும். அந்த 63 ஆம்பியர் பொருள் பிரேக்கர் வகை என்றால் விழுந்துவிடும், இல்லையென்றால் உள்ளே சூடாகி உருகும். ரெண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுத்திவைக்கும் காருக்கு எர்த் பக்கம்தான், அது பாசிட்டிவ் எர்த்தோ நெகட்டிவ் எர்த்தோ. உங்கள் காரில் எர்த் என்பது பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினல், அதிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) போகும் குட்டைக் கேபிளில்தான் சுவிட்ச் வர வேண்டும். லைவ் பக்கம், அதாவது பாடியோடு சேராத மற்ற முனையில் போட்டால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரைக்கும் உள்ள கேபிள் உயிரோடுதான் இருக்கும், சுவிட்சின் ஒரு போல்ட்டும் உயிரோடு இருக்கும், ஸ்பானர் வழுக்கி அதிலும் பாடியிலும் சேர்ந்து பட்டால் பொறி பறக்கும். எர்த் பக்கம் வெட்டினால் காரில் எந்த வயர் எந்தத் தகரத்தில் உரசினாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, முழுக் காரும் செத்த மாதிரி. உங்கள் காருக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மைனரில் மொத்தமே ரெண்டு பியூஸ்தான். ஹெட்லைட்டுக்குப் பியூஸ் கிடையாது, இக்னிஷன் காயிலுக்குக் கிடையாது, டைனமோவிலிருந்து வரும் தடித்த வயருக்கும் கிடையாது. அறுபது வருஷத் துணி வயர் எங்காவது தேய்ந்து தகரத்தில் ஒட்டினால் அதைத் தடுக்க நடுவில் ஒன்றுமே இல்லை. உங்கள் அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம் வகை. பச்சைத் திருகு மலிவு, சும்மா நிற்கும் காருக்குப் பரவாயில்லை, ஆனால் அதில் கரண்ட் போவது திருகின் இறுக்கத்தை நம்பித்தான். ஓடும் காரின் அதிர்வில் அது மெல்ல மெல்லத் தளரும், ரோபாட்டில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், மேட்டில் ஏறும்போது விளக்கு மினுக்கும். கத்தி வகை எனக்குப் பிடிக்கும், நல்ல பித்தளையாக இருந்தால் தொடும் பரப்பு அதிகம், தூக்கி வைத்தால் கண்ணுக்கே தெரியும் ஆஃபில் இருக்கிறது என்று.

ஆனால் பாசிட்டிவ் எர்த் கார்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினல் நெகட்டிவைவிட ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் கூட. கடையில் தொங்கும் இந்த மேலே மாட்டும் சுவிட்சுகளில் பெரும்பாலானவை நெகட்டிவ் டெர்மினலுக்கு அளவெடுத்தவை, இப்போதைய கார்களெல்லாம் நெகட்டிவ் எர்த் என்பதால். அதைப் பாசிட்டிவில் போட்டால் பாதியிலேயே நின்றுவிடும், ஆள் சுத்தியலால் தட்டி இறக்குவார், டெர்மினலின் அடியில் உள்ள சீல் விரிந்து ஆசிட் கசிய ஆரம்பிக்கும். நிறையப் பேட்டரி இப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வாங்கும்போது பாசிட்டிவ் அளவு என்று கேட்டு, டெர்மினலில் அடிவரை கையாலேயே இறங்குகிறதா என்று பாருங்கள்.

உயரமும் பார்க்க வேண்டும். சுவிட்ச் மாட்டியபின் அதன் தலையில் ரொட்டி மாவு ஒரு உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறவுங்கள். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. மைனரில் கடிகாரம் கிடையாது, நிறுத்திவைத்தால் அது ஒரு துளி கரண்ட்கூட எடுக்கக் கூடாது. மூன்று வாரம் என்றால் சுமார் 500 மணி நேரம், 45 ஆம்பியர்-அவர் அதற்குள் காலியாக 0.09 ஆம்பியர் கசிந்தால் போதும். அது எங்கே போகிறது? ரெகுலேட்டர் பெட்டியில் கட்-அவுட் (எஞ்சின் நின்றதும் டைனமோவை பேட்டரியிலிருந்து பிரிக்கும் ரிலே) ஒட்டிக்கொண்டால் கசிவு இப்படி மெல்லப் போகாது, டைனமோ வழியாக ஒரே ராத்திரியில் பேட்டரி காலி. ஆகவே வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. புதிதாக ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

பைன்டவுன்_ஹில்கிளைம் (பைன்டவுன்)

அங்கிள் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எர்த் பக்கம் வெட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நிற்காது! டைனமோவோ, பின்னாள் கார்களில் அதன் இடத்தில் வந்த ஆல்டர்னேட்டரோ இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். விபத்து நடந்து கார் கவிழ்ந்து கிடக்கிறது, பெட்ரோல் ஒழுகுகிறது, வெளியே இருப்பவர் சுவிட்சை இழுக்கிறார், எஞ்சின் நிற்க வேண்டாமா? பந்தயக் கார்களில் அதனால்தான் லைவ் பக்கம், அதுவும் ஆறு முனை வைத்த சுவிட்ச். ரெண்டு பெரிய முனை பேட்டரிக்கு. இன்னொரு ஜோடி காயிலுக்குப் போகும் வயரை அதே திருப்பலில் வெட்டும். மூன்றாவது ஜோடி, சுவிட்சை ஆஃப் செய்யும்போது சேர்ந்து, ஆல்டர்னேட்டரில் மிச்சமிருக்கும் கரண்டை 3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக எர்த்துக்கு விடும், அதனால் டயோடுகள் பிழைக்கும். வெளியிலிருந்து இழுக்க ஒரு கேபிள், பக்கத்தில் வெள்ளை ஓரம் வைத்த நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் அடையாளம். ஸ்வார்ட்காப்ஸ் பந்தயத் தடத்தில் ஓடும் பழைய கார்களை உற்றுப் பாருங்கள், கண்ணாடிக்கு அடியில் இது ஒட்டியிருக்கும்.

பாதுகாப்பு என்று பணம் செலவழிப்பதென்றால் பாதியில் நிறுத்தாமல் முழுசாகச் செய்யலாமே என்பதுதான் என் எண்ணம்.

மெர்பாங்க்_ஆட்டோ_எலெக்ட்ரிக்

பந்தயக் காருக்கு நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் தம்பியின் கார் கோயிலுக்குப் போகிற கார். ஓடும்போது ஏதாவது ஆனால் இக்னிஷன் சாவியைத் திருப்பினாலே எஞ்சின் நின்றுவிடும், அதன்பின் இறங்கி பானெட்டைத் திறந்து சுவிட்ச். அந்த வரிசை மாறக் கூடாது, முதலில் சாவி, அப்புறம் சுவிட்ச். பேட்டரி இல்லாமல் ஓடும் டைனமோவின் வோல்டேஜ் நிலையாக இருக்காது, பல்புகள் போகலாம். ஆறு முனை சுவிட்ச் போட வேண்டுமானால் லைவ் கேபிளை நீட்டி, இக்னிஷன் வயரை வெட்டி நீட்டி, பாடியில் துளையும் போட வேண்டும். அறுபது வருஷ வயரிங்கில் புதிதாக நாலு இணைப்பு என்றால் பழுது வர நாலு புது இடம். அவருக்கு வேண்டியது நிற்கும் காரில் தீ பிடிக்கக் கூடாது, பேட்டரி இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பீட்டில்_மாரிட்ஸ்பர்க் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இந்தப் பேச்சில் பீட்டில்காரர்களும் சேர்ந்துகொள்ள வேண்டும். 1951 முதல் 1979 வரை யூட்டன்ஹேகில் செய்த கார், நம் நாட்டில் இன்னும் எத்தனையோ வீட்டில் நிற்கிறது, அத்தனையிலும் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் வலப்பக்கம். சீட்டுக்குள் இருப்பது இரும்பு ஸ்பிரிங், அதன் மேல் நார் திணிப்பு. பேட்டரி மேல் மூடி இல்லாமல் கனமான ஆள் ஒருவர் அந்த ஓரத்தில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கி ரெண்டு டெர்மினலையும் சேர்த்துத் தொடும், நார் உடனே பற்றிக்கொள்ளும். இதற்கு எந்த சுவிட்சும் உதவாது, ஏனென்றால் ஷார்ட் ஆவது பேட்டரியின் ரெண்டு முனைக்கும் நடுவிலேயே. மூடி, இல்லையென்றால் தடித்த ரப்பர் ஷீட், அதுதான் முதல் வேலை. டெர்மினல் மேல் உயரமாக உட்காரும் கத்தி வகையை அங்கே போடவே போடாதீர்கள், அது ஸ்பிரிங்குக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

நான் போட்டது படகுக்கு விற்கும் ரோட்டரி சுவிட்ச், டர்பன் துறைமுகப் பக்கம் படகுச் சாமான் கடைகளில் கிடைக்கும். காருக்கு விற்கும் சிவப்புச் சாவியைவிட விலை கூடத்தான், ஆனால் உள்ளே இருக்கும் செம்பு தடிமன், உப்புக் காற்றுக்கென்றே வெள்ளீயம் பூசியது. எர்த் பின்னல் பட்டையை எடுத்துவிட்டு 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் ரெண்டு குட்டைத் துண்டு, சுவிட்சைத் தாங்க ஒரு எல் வடிவத் தகடு, அது எர்த் போல்ட்டிலேயே மாட்டிக்கொள்கிறது. துளை ஒன்றுகூடப் போடவில்லை. மைனர் தம்பி, உங்கள் காரிலும் எர்த் கேபிள் ஃபயர்வாலில் போல்ட்டாகத்தானே இருக்கிறது, அதே மாதிரி தகடு வைக்கலாம். அப்படிச் செய்தால் டெர்மினல் தடிமன் பிரச்சினையும் வராது, சாதாரண பாசிட்டிவ் கிளாம்ப் போதும்.

கேபிள் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் செம்பு வளையம்) அழுத்தும்போது மட்டும் ஹைட்ராலிக் கிரிம்ப்பர் வைத்திருக்கும் கடையில் கொடுத்து அழுத்துங்கள். சுத்தியலும் உளியும் வைத்து நசுக்கிய லக்கில்தான் பாதிப் பேருடைய ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது.

மைனர்_சாட்ஸ்வொர்த்

அக்கா, ரொம்ப நன்றி, படகு சுவிட்ச் நல்ல யோசனை. அங்கிள், புதிதாக மாட்டியது ஒன்று இருக்கிறது! இன்சூரன்ஸ் கேட்டார்கள் என்று அப்பா டிராக்கர் போட்டார், டாஷ்போர்டுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. அதுதான் குடிக்கிறதா? அப்படியானால் கட்-ஆஃப் போட்டால் டிராக்கரும் செத்துவிடுமே, கார் திருடு போனால்?

மெர்பாங்க்_ஆட்டோ_எலெக்ட்ரிக்

அதுவாகத்தான் இருக்கும், ஆனால் அளந்து பார்த்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஆஃப் செய்து, கதவை மூடி, எர்த் கேபிளைக் கழற்றி, முதலில் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றைப் பிடியுங்கள். நன்றாக எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை வைக்காதீர்கள், அதன் பியூஸ் போய்விடும். பல்பு எரியவில்லை என்றால் கசிவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், 0.09 ஆம்பியருக்கு அது மினுங்கக்கூட மினுங்காது. அப்போதுதான் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் முனையில் போட்டு அதே இடத்தில் தொடருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. வருகிற அளவைக் குறித்துக்கொண்டு டிராக்கரின் பியூஸை எடுத்துப் பாருங்கள்.

டிராக்கரை சுவிட்சுக்கு முன்னால், நேராக பேட்டரியின் ரெண்டு டெர்மினலிலிருந்தும் எடுக்கலாம், டெர்மினல் பக்கத்திலேயே 2 ஆம்பியர் பியூஸ் வைத்து. எர்த் வயரையும் பாடியில் விடாமல் டெர்மினலுக்கே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சுவிட்ச் ஆஃபில் அதற்கும் கரண்ட் கிடைக்காது. கார் முழுக்க உயிரில்லாமல் இருக்கும், டிராக்கருக்கு மட்டும் ஒரு மெல்லிய வழி. டிராக்கர் வைத்த கம்பெனி ஆளையே கூப்பிட்டு இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள், வயரை நீங்கள் தொட்டால் இன்சூரன்ஸில் வம்பு வரலாம்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இப்படிச் செய்தால் தீ பயம் போகும், பேட்டரி இறங்குவது நிற்காது, ஏனென்றால் குடிப்பவர் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்கு பேட்டரி மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று வேண்டும். பாசிட்டிவ் எர்த் காருக்கு வேறு சார்ஜர் என்று ஒன்றும் இல்லை, சிவப்பு பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. ஒரு கிளிப்பைப் பாடியில் மாட்டு என்று சார்ஜர் அட்டையில் எழுதியிருக்கும், உங்கள் காரில் அது வேலை செய்யாது, சுவிட்ச் ஆஃபில் இருந்தால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. ரெண்டு கிளிப்பும் டெர்மினலில்தான், மாட்டி முடித்தபிறகுதான் சுவரில் பவர் போட வேண்டும்.

பக்கி_1400 (ஐசிப்பிங்கோ)

ஒரு குட்டிக் கேள்வி, மன்னிக்கவும். என் நிசான் 1400 பக்கியில் (குட்டி பிக்கப் வண்டி) பச்சைத் திருகு போட்டிருக்கிறேன். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது அதைத் திருகிக் கழற்றி, எஞ்சின் நிற்கவில்லை என்றால் நல்லது என்று ஒரு மெக்கானிக் சொன்னார். செய்யலாமா?

பைன்டவுன்_ஹில்கிளைம்

செய்யாதீர்கள் தம்பி, தயவுசெய்து. அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால் அந்தக் கரண்ட் போக இடமில்லாமல் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும், டயோடும் ரெகுலேட்டரும் போகும், ரேடியோவும் போகலாம். மீட்டரை பேட்டரி மேல் வையுங்கள், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது.

மைனர்_சாட்ஸ்வொர்த்

அளந்துவிட்டேன். பல்பு எரியவில்லை, மீட்டரில் 0.08 ஆம்பியர். டிராக்கர் பியூஸை எடுத்ததும் நேராகப் பூஜ்யம். தாத்தாவின் வயரிங்கில் குற்றமே இல்லை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரொம்ப சந்தோஷம்.

படகு சுவிட்ச் வாங்கி, எல் தகடு வளைத்து எர்த் போல்ட்டில் மாட்டியாயிற்று, கேபிளை ஹைட்ராலிக் கடையில் அழுத்தி வாங்கினேன். டிராக்கர் கம்பெனி ஆள் அடுத்த வாரம் வருகிறார். சுவிட்ச் சரியாகக் கரண்ட் விடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மெர்பாங்க்_ஆட்டோ_எலெக்ட்ரிக்

நல்ல வேலை. காயிலின் மெல்லிய வயர் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முள் பேட்டரி டெர்மினலின் ஈயத்திலேயே, இன்னொன்று ஃபயர்வாலில் எர்த் போல்ட்டின் தலையில். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், கிளாம்ப்புக்கும் ஈயத்துக்கும் நடுவில் உள்ள இழப்பும் கணக்கில் வர வேண்டும். யாரையாவது ஐந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 0.2 தாண்டினால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை, 150 ஆம்பியரில் அது 30 வாட் சூடு, கை வைத்தாலே எந்த லக் என்று தெரியும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் பழுது இருக்கும், போல்ட் உட்காரும் அந்த வட்டத்தை மட்டும் சுரண்டி, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். நம் கடற்கரைக் காற்றில் வாசலின் இல்லாமல் ஒரு வருஷம்கூடத் தாங்காது.

அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை சுவிட்சை நாலைந்து தடவை ஆன், ஆஃப் என்று திருப்புங்கள், உள்ளே படியும் ஆக்சைடைத் தேய்த்து எடுத்துவிடும். காயில் வயரைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

மைனர்_சாட்ஸ்வொர்த்

முதலில் 0.24 வந்தது அங்கிள். எர்த் போல்ட்டின் அடியில் பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது, சுரண்டியபின் 0.07. ஸ்டார்ட்டர் முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது.